எதிரே இருப்பவர்

நான்கு பேர் ஆடும் விளையாட்டை இரண்டு பேருக்காக மாற்றினால், அது அதே விளையாட்டுதானா? இல்லை, பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்ட வேறொன்றா? கேட்க சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஒன்றரை வருடமாக இது என்னை விட்டபாடில்லை. பொறியியல் படிக்கிறவன் என்பதால் முதலில் இதை ஒரு கணக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். கணக்கு முடிந்துவிட்டது. கேள்வி முடியவில்லை.

விளையாட்டின் பெயர் 304. யாழ்ப்பாணப் பூர்வீகம் உள்ள மலேசிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். (இந்த இதழில் சீட்டாட்டமா என்று புருவத்தை உயர்த்தும் பெரியவர்களுக்கு: எங்கள் வீட்டில் பந்தயம் வெறும் புளியங்கொட்டை. வள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுக்க சூதை என்ன பாடுபடுத்தியிருக்கிறார் என்று எனக்கும் தெரியும்.)

சீட்டுக்கட்டில் 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். நான்கு பேர், ஆளுக்கு எட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. ராஜா ராணியை ஒரு ஜாக்கியும் ஒன்பதும் மிதித்துக்கொண்டு போகும் இந்தத் தலைகீழ் நியாயம் சின்ன வயதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் நான்கு சீட்டு கைக்கு வந்ததுமே கேள்வி கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் 160-இல் தொடங்கும். அதிகமாகக் கேட்டவர் தன் சீட்டில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய கூட்டாளிக்குக்கூடத் தெரியாது.

அந்தக் கூட்டாளி பக்கத்தில் உட்காரமாட்டார், நேர் எதிரே உட்கார்ந்திருப்பார். பேசக்கூடாது, கண் காட்டக்கூடாது. தாத்தா இருமினால்கூட மாமா ஆட்டத்தை நிறுத்திவிட்டு முறைப்பார். எதிரே இருப்பவர் போடும் சீட்டை மட்டும் வைத்து அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று படிக்க வேண்டும். 304 என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். புள்ளி எண்ணுவதெல்லாம் அப்புறம்.

சிரம்பான் வீட்டில் தாத்தாவும் மாமாவும் ஒரு பக்கம், அம்மம்மாவும் நானும் இன்னொரு பக்கம். எனக்குப் பத்து வயதிலிருந்து இந்த ஏற்பாடு மாறியதில்லை. பிறகு தாத்தா தவறிவிட்டார். மாமா வேலைக்காகப் பெர்த் போனார், அங்கேயே தங்கிவிட்டார். அம்மா தாதி. ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சீட்டுக்கட்டை நீட்டினால் அடிதான் விழும். ஆக மிச்சம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோமுட்டர் ரயிலில் வந்து இறங்கும் நானும், 81 வயது அம்மம்மாவும்.

ஆளுக்கு 16 சீட்டு என்று பாதியாகப் பிரித்துக்கொண்டால் என்ன? முதல் யோசனை இதுதானே வரும். ஆனால் என் கையில் இருக்கும் 16 எனக்குத் தெரிந்தால், அவர் கையில் இருக்கும் 16-ம் தெரிந்துவிடும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான்கு பேர் ஆட்டத்தில் என் எட்டுச் சீட்டைப் பார்த்த பிறகு மிச்ச 24 சீட்டும் மற்ற மூன்று கைகளில் எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 946 கோடிக்கும் மேலே வருகிறது. பாதியாகப் பிரித்தால் அது ஒன்றே ஒன்று. 946 கோடியிலிருந்து ஒன்றுக்கு! துரும்பை எதற்காகக் கவிழ்த்து வைக்க வேண்டும்? மூட்டுவலி விரல்களில் 16 சீட்டை விசிறி மாதிரி பிடிக்க அம்மம்மாவால் முடியாது என்பது வேறு விஷயம்.

ஆளுக்கு எட்டு எடுத்துக்கொண்டு மிச்சம் 16-ஐ ஒதுக்கி வைக்கலாம். ரகசியம் திரும்பி வந்துவிடும். ஆனால் சராசரியாக 152 புள்ளிதான் ஆட்டத்தில் இருக்கும். 160 கேட்பதற்கு அர்த்தமில்லை. எல்லாவற்றையும் பாதியாக்கினால் 152 என்று ஒரு விளையாட்டு வரும். தாத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மூன்றாவதாக நான் செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அம்மம்மாவும் நானும் பழையபடி எதிரெதிரே கூட்டாளிகளாகவே இருப்போம். இரண்டு பக்கமும் உள்ள காலி நாற்காலிகளுக்குச் சீட்டுப் போடுவோம். அவை ஒரு விதிப்படி தானாக ஆடும்: இனம் இருந்தால் பெரியதைப் போடு, இல்லாவிட்டால் துரும்பால் வெட்டு, அதுவும் இல்லாவிட்டால் சின்னதைக் கழித்துவிடு. ஃபுளோசார்ட் வரைந்து, லேமினேட்கூட செய்துவிட்டேன். அம்மம்மா பொறுமையாக மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் நாங்கள்தான் ஜெயித்தோம். பிறகு சீட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்:

“இதுக்கு வெல்லோணும் எண்டு விருப்பம் இருக்கோ?”

இல்லை என்றேன்.

“வெல்ல விருப்பமில்லாததை வெண்டு என்ன பிரயோசனம், ராசா?”

பல்கலைக்கழகத்தில் பொறியாளர் நெறிமுறை என்று ஒரு பாடம் உண்டு. ஒரு செமஸ்டர் முழுக்க அதில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதைவிட இந்த ஒரு வாக்கியத்தில் அதிகம் இருக்கிறது. இதை அம்மம்மாவே சொன்னார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு இது. நாங்கள் இருவரும் எதிராளிகள். ஆளுக்கு எட்டுச் சீட்டு கையில். இல்லாமல் போன கூட்டாளிக்கும் எட்டு, அவரவர் முன்னால் மேசையில்: நான்கு கவிழ்த்து, அவற்றின்மேல் நான்கு நிமிர்த்து. மேலே உள்ளதைப் போட்டதும் அடியில் உள்ளது திறக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு சீட்டு விழும், இரண்டு கையிலிருந்து, இரண்டு மேசையிலிருந்து. 32 சீட்டும் ஆட்டத்தில் இருக்கின்றன. 304 புள்ளியும் இருக்கிறது. 160-ம் தப்பித்தது. எனக்குத் தெரியாத 16 சீட்டு எப்படியெல்லாம் அமைந்திருக்கலாம் என்றால் 900,900 வழி. 946 கோடி இல்லைதான், ஆனாலும் அம்மம்மா முகத்தைப் பார்த்து யோசிக்க அது போதும்.

பத்து வயதிலிருந்து எதிரே உட்கார்ந்தவர் என் கட்சி. இப்போதும் அதே நாற்காலியில், அதே மூக்குக்கண்ணாடியோடு, என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறார். என் கூட்டாளி என்று பெயர்வைத்த சீட்டுகளோ நான் சொன்னதைச் செய்கின்றன. அவற்றின் மனதைப் படிக்க ஒன்றுமில்லை. கணக்கில் எல்லாமே காப்பாற்றப்பட்டுவிட்டது, எது 304 என்று நினைத்தேனோ அது மட்டும் போய்விட்டது என்று முதல் சில வாரம் எனக்கு ஒரே சங்கடம்.

பிறகுதான் கவனித்தேன், அது முழுசாகப் போகவில்லை. முன்பு அம்மம்மாவுக்கு உதவுவதற்காக அவர் மனதைப் படித்தேன். இப்போது அவரை வெட்டுவதற்காகப் படிக்கிறேன். படிப்பது அதே மனதைத்தான். சொல்லப்போனால் இப்போது இன்னும் உன்னிப்பாக.

அதனால் “உண்மையான 304 எது” என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். இதற்கு நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவில் உண்டு. கேரளத்தில் 28, வங்காளத்தில் 29. அங்கேயும் ஜாக்கிதான் ராஜாவை மிதிக்கிறான், அடுத்தது ஒன்பதுதான், ஆனால் புள்ளிகள் வேறு. டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் முதல் இரண்டு இடம். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக எதையோ மாற்றியிருக்கிறார். ஆகவே மாற்றலாமா என்பது கேள்வி இல்லை. எப்படி மாற்றுவது நியாயம் என்பதுதான் கேள்வி.

பாரதத்தில் சூதாட்டக் காட்சியை நாம் எல்லோரும் பாஞ்சாலியின் துயரத்துக்காகவே படிக்கிறோம், அது சரிதான். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே அங்கே ஒரு விதி மாறுகிறது. பந்தயம் வைப்பவன் துரியோதனன், காய் உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது சரியில்லையே என்று தருமர் சொல்கிறார். சொல்லிவிட்டு ஆடவும் செய்கிறார். மாற்றம் வெளிப்படையாகத்தான் நடந்தது, ஒளிவுமறைவு இல்லை. இருந்தும் நமக்கு வயிறு எரிகிறதே, ஏன்? மாற்றியவனுக்கு மட்டுமே லாபம் தரும் மாற்றம் அது. மறுப்பவர் எழுந்து போக முடியாத நிலையில் கொண்டுவந்த மாற்றம். இதிலிருந்து எனக்கு நானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். சீட்டுப் பிரிப்பதற்கு முன்னால் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவரையும் அது ஒரே மாதிரி கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து தேத்தண்ணி போடப் போகும் உரிமை இருவருக்கும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு நிஜமான சோதனை இந்த வருட ஆரம்பத்தில் வந்தது. அம்மம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. தானே கவிழ்த்து வைத்த துரும்பு எந்த இனம் என்பதை இரண்டு சுற்றுக்குள் மறந்துவிடுகிறார். இஸ்பேட்டு ஜாக்கி விழுந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, “இஸ்பேட்டு ஜாக்கி போட்டுதோ?” என்று கேட்பார். மருத்துவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று அம்மம்மா கேட்டுக்கொண்டார்.

கிள்ளானில் இருக்கும் பெரியம்மா போனில் சொன்னார், “பாவம்டா, ஜெயிக்க விட்டுடேன். அவங்களுக்கு எங்கே தெரியப்போகுது?” வீட்டில் யாருமே இதில் தப்புப் பார்க்கவில்லை. பெரியம்மா தமிழாசிரியை வேறு. வாய்மை அதிகாரத்தைக் காட்டினார். களங்கமில்லாத நன்மை கிடைக்கும் என்றால் பொய்யையும் உண்மையின் வரிசையில் உட்காரவைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே என்றார். சும்மா ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் இல்லை இது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரிடம் நாமே எத்தனை பொய் சொல்கிறோம்!

நான் இரண்டு வாரம் யோசித்தேன். என் பதில் இது. பொய்யினால் நன்மை கிடைக்குமா என்றுதானே பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர்? சரி, பார்ப்போம். மருந்தைப் பாலில் கலந்து ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்தாலும் அது உடம்பில் வேலை செய்யும். வெற்றி அப்படி வேலை செய்யாது. நான் வேண்டுமென்றே ஜாக்கியைப் பதுக்கிக்கொண்டு ஏழைப் போட்ட அந்த நொடியில் அங்கே ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லாத இடத்தில் வெற்றி எங்கிருந்து வரும்? அவர் கைக்குப் போய்ச் சேர்வது காலி டப்பா. உள்ளே பலகாரம் இருக்கிறது என்று நினைத்துச் சிரிக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் நான் யார்? ஃபுளோசார்ட் ஒட்டிய நாற்காலி. வெல்ல விருப்பமில்லாதது. அதை வென்று என்ன பிரயோசனம் என்று அவரே, நல்ல ஞாபகத்தோடு இருந்தபோது, தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பை அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லையே.

நம் புராணக் கதை ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. சிவனும் உமையும் சூதாடுகிறார்கள். நடுவர் திருமால். ஜெயித்தது உமை. ஆனால் திருமால் சிவனுக்குச் சாதகமாகப் பொய்ச்சாட்சி சொல்கிறார். உமை அவரைப் பாம்பாகப் போகும்படி சபித்துவிடுகிறார். ஒரு சின்ன விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய சாபமா என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. திருமாலின் பொய் உமையை மட்டும் கெடுக்கவில்லை. ஜெயித்ததாகச் சொல்லப்பட்ட சிவனுக்கும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஆசையாக உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார் நடுவர்.

சரி, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன், மறதிக்காரரை வாராவாரம் அடித்து நொறுக்கவும் மனசு வராது. அப்புறம் என்னதான் வழி? வழியைப் பூப்பந்து மைதானத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். நன்றாக ஆடுகிறவன் “உனக்கு ஏழு பாயிண்ட் தர்றேன், வா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவான். பிறகு உயிரைக் கொடுத்து ஆடுவான். ஏழு பாயிண்டை முன்கூட்டியே தருவதும், நடுவில் வேண்டுமென்றே வலையில் அடிப்பதும் ஸ்கோரில் ஒரே மாதிரி தெரியலாம். ஒன்று மரியாதை, மற்றது ஏமாற்று.

ஆகவே அம்மம்மாவிடம் நேராகவே பேசினேன். விழுந்த ஜாக்கி, ஒன்பது எல்லாவற்றையும் மேசை நடுவில் நிமிர்த்தியே வைக்கலாம், துரும்பையும் திறந்தே வைக்கலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து தேத்தண்ணி போடப் போனார். (உரிமை உண்டு என்று நான்தானே சொன்னேன்.) திரும்பி வந்து பேரம் பேசினார். நடுவில் சீட்டு நிமிர்ந்து கிடப்பதற்குச் சம்மதம், அது இரண்டு பேருக்கும் பொது. துரும்பைத் திறந்து வைக்க மட்டும் முடியாது.

“மூடி வைக்கேல்லையெண்டா அது துரும்பில்லை. வேற ஏதும் சொல்லு.”

துரும்பின் இனத்தைத் தன் கையால் ஒரு துண்டுத்தாளில் எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வார், நான் பார்க்கக்கூடாது. நானும் வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளலாம். இப்படி முடிவானது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கும் விதித்தாள் இப்போது நான்காம் பதிப்பு, அடியில் இருவர் கையெழுத்தும் உண்டு. போன மாதம் எட்டு ஆட்டத்தில் அவர் மூன்று ஜெயித்தார். மூன்றும் அவருடையது. ஒன்றில் என் ஒன்பதை அவர் வெட்டிய விதம் இருக்கிறதே, எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அந்தத் துண்டுத்தாளும் உதவாத நாள் வரும். அப்போது எத்தனையாவது பதிப்பு எழுதுவேன் என்று தெரியாது. சீட்டை இனம் இனமாகப் பிரித்து அடுக்குவதே ஆட்டமாக ஆகலாம். அதற்கு 304 என்று பெயர் வைக்கமாட்டேன், ஆனால் ஆடுவேன்.

அதற்கு முன்னால் வேறு ஒரு சிக்கல் வந்து நிற்கிறது. தீபாவளிக்கு மாமா வருகிறார், கூடவே அவருடைய மகளும். அங்கே அவளுக்கு 304 சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். ஏழு வருடம் கழித்து அந்த மேசையில் நான்கு பேர். பழைய விதிதான் என்று அம்மம்மா முடிவு செய்துவிட்டார். நடுவில் சீட்டு நிமிர்ந்து கிடக்கக்கூடாது, துண்டுத்தாளும் கூடாது, மகனுக்கு எதுவும் தெரியக்கூடாது. “நீ எனக்கு முன்னால இருப்பாய்தானே?” என்றார். (மாமாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத அனுமதி கிடைத்தது.)

என் அளவுகோல்படி ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் விதி எதுவும் மாறவில்லையே, மாறியது ஆள்தானே? அதை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அம்மம்மாவின் உரிமை இல்லையா? கண் காட்டமாட்டேன், இருமமாட்டேன், அது நிச்சயம். ஒரே ஒரு வழி விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நானே அதிகமாகக் கேள்வி கேட்டுவிட்டால் துரும்பு என்னுடையதாகிவிடும். அவர் எதையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. மோசமான கையோடு 200 கேட்டுத் தோற்கவும் வேண்டிவரும், பரவாயில்லை. ஆனால் இது கூட்டாளியின் கடமையா, இல்லை நான் மாட்டேன் என்று சொன்ன அதே விட்டுக்கொடுத்தல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறதா? இரண்டாவது ஆட்டத்திலேயே அம்மம்மா கண்டுபிடித்துவிடுவார் என்று வேறு பயம். என் மனதைப் படிப்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அம்மம்மா இப்போதே புளியங்கொட்டைகளைக் கழுவி, முறத்தில் பரப்பி, வாசலில் வெயிலுக்கு வைத்துவிட்டார்.